குளிசையைப் பொடியாக்கலாமா?

பிள்ளை விழுங்காது, வயது போன அம்மாவுக்குத் தொண்டையால் இறங்காது என்றால் நாங்கள் உடனே குளிசையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து விடுகிறோம். அன்ரிபயோற்றிக் குளிசைகளைப் பொறுத்தவரை இது எல்லா வேளையும் சரிவராது.

முல்லைத்தீவில் நான் சந்திக்கும் ஒரு அக்காவுக்கு 2009 இல் ஷெல் துண்டு பட்டுத் தாடை உடைந்தது. இன்றும் வாயை முழுதாகத் திறக்க முடியாது. எந்தக் குளிசை தந்தாலும் அம்மியில் அரைத்துத்தான் குடிப்பார். "டொக்டரிட்டச் சொன்னனீங்களா அக்கா?" என்று கேட்டேன். "பின்னால எவ்வளவு சனம் நிக்குது. கேட்டா ஏசுவினம் தங்கச்சி" என்றார்.

முகாம்களில் நிவாரண வரிசையில் நின்ற காலத்தில், வாய் திறக்காமல் இருந்தால் கரைச்சல் இல்லை என்று எங்கள் பெண்கள் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் மருந்து வரிசை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இங்கே பேசாமல் இருப்பதுதான் ஆபத்து.

சில குளிசைகளுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும். வயிற்றிலுள்ள அமிலம் மருந்தைக் கெடுக்காமல் அது காக்கிறது. எரித்ரோமைசினில் சில வகை இப்படியானது. நசுக்கினால் மருந்தின் பலன் குறைந்துவிடும், கிருமி சாகாது. இன்னும் சில, நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடியாக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். மெற்றோனிடசோல் பொடி கடுங்கசப்பு. பிள்ளை துப்பினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. சிப்ரோஃப்ளொக்சசினைப் பாலுடனோ தயிருடனோ எடுத்தால் உடம்பில் சேரும் அளவு குறையும்.

அம்மியில் அரைப்பதிலும் கவனம் வேண்டும். மருந்தில் ஒரு பங்கு கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால், அடுத்து அரைக்கும் சம்பலோடு அது அவர்களுக்கும் போய்விடலாம். பெரியவர்களின் குளிசையைப் பொடியாக்கி, கண்மதிப்பில் பிள்ளைக்குப் பங்கு பிரிப்பதும் கூடாது.

நசுக்கக்கூடிய குளிசைகளும் உண்டு. சில அமொக்சிசிலின் கூட்டுக் குளிசைகளைத் திறந்து தண்ணீரில் கலக்கவும் சொல்வார்கள். எது எப்படியானது என்று பார்வைக்குத் தெரியாது, மருந்தாளருக்குத் தெரியும்.

அடுத்த முறை அந்த அக்காவுடன் நானும் வைத்தியசாலைக்குப் போனேன். கேட்டது அவர்தான். "எனக்கு விழுங்க ஏலாது. இதை நசுக்கலாமோ?" மருந்தாளர் துண்டைத் திருப்பி டொக்டரிடம் அனுப்பினார். பாணி மருந்து கிடைத்தது. ஒருவரும் ஏசவில்லை.

சகோதரிகளே, மருந்தை வாங்கியதும் யன்னலடியை விட்டு நகராதீர்கள். நசுக்கலாமா, எதனுடன் குடிப்பது, எத்தனை நாளைக்கு என்று மூன்றையும் கேளுங்கள். விழுங்கக் கஷ்டம் என்றால் அதையும் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் ஒரு நிமிடம் பொறுப்பார்.