உராகாமி மேட்டில் ஓர் ஆலயம்

நாகசாகி நகரின் வடபகுதியில் உராகாமி பேராலயம் நிற்கும் மேட்டில் முன்பு கிராமத் தலைவரின் வீடு இருந்தது. ஆண்டுதோறும் ஊர்மக்களை அங்கே வரவழைப்பார்கள். தரையில் தேவமாதாவின் உருவமோ பாடுபட்ட சுரூபமோ பதித்த தகடு கிடக்கும். ஒவ்வொருவரும் அதை மிதிக்க வேண்டும். மறுத்தால் கிறிஸ்தவர் என்று பொருள். கிறிஸ்தவர் என்றால் சிறையும் சித்திரவதையும். உராகாமி மக்கள் மிதித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய் உத்தம மனஸ்தாபச் செபத்தைச் சொல்லி அழுதார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத நாட்டில் மன்னிப்புக்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி அந்தச் செபம்தான்.

1542 முதல் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் போய்த் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான் 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் தொடங்கிவைத்த திருச்சபையை 1614இல் தோகுகாவா அரசு நாடு முழுவதும் தடை செய்தது. 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பூசை இல்லை, நன்மை வாங்குதல் இல்லை.

பூசையே நடுநாயகமான ஒரு வழிபாட்டில் பூசை போய்விட்டால் மிஞ்சுவது என்ன? உராகாமி அதற்குப் பதில் கண்டது. அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது பழைய உபதேசம். ஆகவே அதற்கென ஒருவரை வைத்துக்கொண்டார்கள், அவர் மிசுகாத்தா. திருநாள்களையும் ஒறுத்தல் நாள்களையும் கணித்து வைப்பவர் சோகாத்தா. அவர் சொல்லும் நாள்களை வீடு வீடாகப் போய் அறிவிப்பவர் கிகியாகு. செபங்கள் எல்லாம் மனப்பாடம். சோகாத்தா பொறுப்பு ஒரே குடும்பத்தில் ஏழு தலைமுறை கைமாறியது. கடைசியாக அதை வகித்த கிச்சிசோ, 1856இல் கைதாகிச் சிறையிலேயே இறந்தார்.

அந்தக் கணக்கு எவ்வளவு பிசகாமல் இருந்தது என்பதற்கு 1865 மார்ச் 17 சாட்சி. வெளிநாட்டவருக்காக நாகசாகி ஓவுராவில் பிரெஞ்சுக் குருக்கள் கட்டிய புதிய கோயிலுக்கு அன்று உராகாமியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், செபித்துக்கொண்டிருந்த பெத்திழான் சுவாமியாரிடம் தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். இந்தக் காட்சியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைவிட என்னை உலுக்குவது அவர்கள் அடுத்துச் சொன்னது: தாங்கள் துக்க காலத்தை அனுசரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 16. தவக்காலம் நடந்துகொண்டுதான் இருந்தது. குருவை அறியாத ஏழு தலைமுறைக்குப் பிறகும் நாள் தப்பவில்லை!

தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. உராகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானின் பல பகுதிகளுக்குத் துரத்தப்பட்டு, அறுநூறுக்கும் அதிகமானோர் அங்கேயே மாண்டார்கள். 1873இல் தடை தளர்ந்து மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் வாங்கியது எந்த இடத்தை? எந்த வீட்டில் மிதிக்க வைக்கப்பட்டார்களோ அந்தத் தலைவரின் வீட்டையும் மனையையும். 1895இல் அங்கே செங்கல் ஆலயம் எழத் தொடங்கியது. ஏழை விவசாயிகளின் காசில் கட்டியதால் அர்ச்சிக்க 1914 ஆயிற்று. இரட்டைக் கோபுரங்கள் முடிய 1925.

1945 ஆகஸ்ட் 9, காலை 11.02. அணுகுண்டு வெடித்த இடம் ஆலயத்திலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்காக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு குருக்களும் காத்திருந்தவர்களும் இறந்தார்கள். பங்கின் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர், பழைய சோகாத்தா குடும்பத்தின் வழிவந்த மிதோரி. அவர் கணவர் மருத்துவர் நாகாய் தகாஷி, எரிந்த வீட்டில் மனைவியின் எலும்புகளோடு உருகிய செபமாலையைக் கண்டெடுத்தார்.

சிதைந்த சுவர்கள் 13 ஆண்டுகள் நின்றன. ஹிரோஷிமாவின் குவிமாடத்தைப் போல அவற்றையும் காக்க வேண்டும் என்று நகரில் பலர் வாதாடினார்கள். மறைமாவட்டம் அதே இடத்தில் மீண்டும் கட்ட விரும்பியது. முன்னோர் துன்பப்பட்ட மண் என்பது அதன் காரணம். 1958இல் சிதைவை இடித்தார்கள். 1959இல் புது ஆலயம் எழுந்தது. சுவரின் ஒரு துண்டு குண்டு வெடித்த இடத்துப் பூங்காவில் நிற்கிறது. உலகம் இழந்தது பெரிது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மக்களை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டன் கூனிக்குறுகி நின்ற இடத்தில் முழந்தாளிட்டுப் பூசை காண வேண்டும் என்பதற்காகவே அந்த மனையை வாங்கியவர்கள் அவர்கள். எரிந்த ஆலயத்தின் மரச் சுரூபத்திலிருந்து தப்பிய மாதாவின் தலையை இடிபாடுகளில் ஒரு துறவி கண்டெடுத்தார். கண்கள் கருகிக் குழிகளாகிவிட்ட அந்த முகத்தின் முன் இன்றும் அங்கே செபிக்கிறார்கள்.

தடை தளர்ந்த பிறகும் திருச்சபைக்குத் திரும்பாதவர்கள் உண்டு. இகிட்சுகி தீவில் பல குடும்பங்கள், முன்னோர் செய்தபடியே செய்வோம் என்று தனியே நின்றன. ஒராஷோ என்னும் செபங்களைக் காதால் கேட்டே காத்தன. லத்தீன் சொற்கள் பொருள் தெரியாமலே நாவில் நின்றன. அவற்றில் ‘குருரியோசா’ என்ற பாட்டின் மூலத்தைத் தேடிய இசையறிஞர் மினாகாவா தட்சுவோ, மத்ரித் நூலகத்தில் 16ஆம் நூற்றாண்டு இசைநூல் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். 400 ஆண்டுகளாக ஒரு மீனவத் தீவு அதை விடாமல் பாடி வந்திருக்கிறது.

இப்போது அங்கே பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போகிறார்கள். பொறுப்பேற்க ஆளில்லாமல் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. வீட்டு அறைகளில் மறைத்து வணங்கிய படங்கள் சில தீவின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அந்தச் செபங்கள் இவ்வளவு காலம் பிழைத்தது இன்ன வீட்டில் இன்னார் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டால். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத்தான் இன்று இகிட்சுகியில் ஆள் தேவைப்படுகிறது.