அறுவைக்கு முந்திய ஆறு வாரம்

எந்தச் செயலுக்கும் முன்னதாக ஒரு செயல் உண்டு. தொழுகைக்கு முன் ஒளு. விதைப்புக்கு முன் உழவு. பயணத்துக்கு முன் கட்டுச்சோறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அருகே வாழ்கின்ற நமக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளம் வந்த பிறகு கரைக்கு மண் கொட்டுவோரை இவ்வூரில் யாரும் அறிவாளி என்பதில்லை. ஆனால், உடல் என்று வரும்போது மட்டும் இந்த அறிவு நம்மை விட்டு நழுவிப் போகிறது. "முதலில் ஆபரேஷன் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பேச்சு. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு முந்திய நாள்களில் செய்யவேண்டிய பயிற்சியைப் பற்றி நாம் எழுதத் துணிவது மருத்துவம் கற்றதனால் அன்று. நம் குடும்பத்தில் ஒருவரும் நண்பர் ஒருவரும் அடுத்தடுத்து இவ்வழியில் சென்றதை அருகிருந்து கண்டோம். கண்டதை மருத்துவர் சொல்லோடும் ஆய்வுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவ்வளவே.

இடுப்பு மூட்டு இறைவன் படைப்பின் நுட்பங்களுள் ஒன்று. தொடை எலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம் போன்றது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரு மடங்குக்கும் மேற்பட்ட பளுவை இம்மூட்டு தாங்குகிறது. முதுமைத் தேய்வினாலோ, வாத நோயினாலோ, தொடை எலும்புத் தலைக்கு இரத்தம் செல்லாமல் அது நலிவதனாலோ அந்த வழவழப்பு அழிந்தால், எலும்போடு எலும்பு உராய்கிறது. மருந்தும் ஓய்வும் பயன் தராத நிலையில் மூட்டையே மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962ஆம் ஆண்டு, உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் எலும்புச் சிமெண்டால் பொருத்தி இன்றைய முறைக்கு வழி திறந்தார். அதற்கு முன் அவர் டெஃப்லான் கிண்ணத்தைப் பொருத்திப் பார்த்து, அது விரைவில் தேய்ந்துபோனதால் கைவிட்டிருந்தார். அக்காலத்தில் நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். இன்றோ பலரை அறுவை செய்த அன்றே அல்லது மறுநாளே எழுந்து நிற்கச் செய்கிறார்கள். முன்பயிற்சியின் தேவையும் இங்குதான் பிறக்கிறது. மறுநாளே நிற்க வேண்டுமென்றால், நிற்பதற்குரிய வலிமை முன்னதாகவே உடலில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

பாலக்கரையில் வாழும் நம் தமக்கையார் அறுபது கடந்தவர். இடது இடுப்பு தேய்ந்து இரண்டாண்டுகள் நொண்டி நடந்தவர். அறுவைக்கு ஆறு வாரம் முன்னதாக நாள் குறித்த மருத்துவர், அதுவரை இயன்முறைப் பயிற்சி செய்யும்படி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவப் பெண்மணி சென்றதும் தமக்கையார் நம்மை அழைத்துக் கேட்டார்: "தம்பி, நோவுகிற காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வார்களா, ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்களா? வெட்டி எறியப்போகிற எலும்புக்கு எதற்குப் பயிற்சி?"

கேள்வி நியாயமானதே. விடையும் நேரானதே. எறியப்படுவது எலும்பின் தேய்ந்த பகுதி, தசை எறியப்படுவதில்லை. புது மூட்டைத் தாங்கப்போவது அதே பழைய தசைதான். நோவுக்கு அஞ்சி நடையைக் குறைக்கிறோம். நடை குறையக் குறையத் தசை மெலிகிறது. தசை மெலிய நோவு இன்னும் கூடுகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் தளர்ந்தவர் ஒற்றைக் காலில் நின்றால் மறுபக்க இடுப்பு கீழே சரியும். நொண்டல் என்று நாம் காண்பதில் பெரும்பங்கு அதுவே. மருத்துவர் உலோக மூட்டைப் பொருத்த முடியும். தசையைப் பொருத்த முடியாது. அதை நோயாளிதான் ஈட்ட வேண்டும்.

இவ்விளக்கத்தைவிடத் தமக்கையார் மனத்தில் தைத்தது வேறொரு சொல். நம் நண்பர் ஒருவர் திருவரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். ஓய்வுபெற்ற தமிழ்ப் புலவர். அம்மா மண்டபத்துப் படித்துறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. முறிவுக்குத் தவணை கிடையாது. சில நாள்களுக்குள் அவருக்கு மூட்டு மாற்றினார்கள். அவர் குணமடைந்துவரும் வேளையில் தமக்கையார் செய்தியைக் கேட்டு நம்மிடம் சொன்னார்: "ஹஜ்ரத், முதல் பத்து நாள்கள் எனக்கு எப்படிக் கழிந்தன என்று உங்கள் தமக்கையாரிடம் சொல்லுங்கள். வாக்கரைப் பிடிக்கக் கை அறியவில்லை. கட்டிலிலிருந்து எழ இரண்டு பிள்ளைகள் தூக்க வேண்டியிருந்தது. கழிவறைக்குள்ளும் பிள்ளை துணை. எனக்குக் கிடைக்காத ஆறு வாரம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. பாழாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

சொன்னோம். தமக்கையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நாளை அந்தப் பெண்ணை வரச் சொல்" என்றார்.

பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்துப் பாதங்களை மேலும் கீழும் அசைத்தல். இது கெண்டைக்காலில் இரத்தம் தேங்கி உறையாமலிருக்க உதவும். முழங்காலுக்கடியில் சுருட்டிய துணியை வைத்து அதனை அழுத்தி, முன்தொடைத் தசையை இறுக்குதல். பிட்டத் தசைகளை இறுக்கித் தளர்த்துதல். காலைப் பக்கவாட்டில் நகர்த்திக் கொண்டுவருதல். உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்தல். நாற்காலியின் கைகளை ஊன்றி உடலைத் தூக்குதல். வாக்கரில் நடப்பவருக்குக் கையும் ஒரு கால்தான். மூச்சை ஆழ இழுத்து விடுதல். இவற்றோடு வாக்கரில் நடப்பதையும் படியேறுவதையும் முன்கூட்டியே பழக்கினார்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற கால் முன்னே. இதைக் கேட்ட தமக்கையார் சிரித்துவிட்டார். "பள்ளிக்குள் நுழைய வலது கால், வெளியேற இடது கால் என்று சிறுவயதில் ஓதிக் கொடுத்தார்களே, அதேதானா?" என்றார். அவருக்கு நோயுற்றது இடது கால். பாடம் ஒரு நொடியில் மனப்பாடமாயிற்று.

அரபு மொழியில் உடற்பயிற்சிக்கு 'ரியாளத்' என்று பெயர். முரட்டுக் குதிரைக் குட்டியைப் பழக்கி வசப்படுத்துவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. உள்ளத்தை அடக்கிப் பழக்கும் ஆன்மிகப் பயிற்சிக்கும் ஞானியர் இதே சொல்லையே வழங்கினர். மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா 'அல்கானூன்' நூலின் முதற்பகுதியில் உடல்நலம் பேணும் முறைகளுள் உடற்பயிற்சிக்குத் தனியிடம் தந்திருக்கிறார். தமிழிலோ 'பயில்' என்பதிலிருந்து பயிற்சி வந்தது. திரும்பத் திரும்பச் செய்தல் என்பது அதன் பொருள். குதிரைக் குட்டி ஒரே நாளில் அடங்குவதில்லை. நாள்தோறும், சிறிது சிறிதாக, அடிக்காமல் பழக்க வேண்டும். நோவு கடுமையானால் நிறுத்தி, இயன்முறை மருத்துவரைக் கேட்க வேண்டும். அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்து நாமாகச் செய்தல் கூடாது.

அறுவைக்கு மறுநாள் தமக்கையார் வாக்கரைப் பிடித்து நின்றார். மூன்றாம் நாள் நாம் சென்றபோது மருமகள் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து தமக்கையார் தாமே நடந்து வந்து கட்டிலில் அமர்ந்தார். நம்மைக் கண்டதும் அவர் சொன்ன முதற்சொல், "யாரும் தூக்கவில்லை, தம்பி" என்பது.

இருவரை வைத்து உலகுக்கு விதி கூறலாகாது. ஒருவருக்கு முறிவு, மற்றவருக்குத் தேய்வு, நிலைமையே வேறு. ஆகவே ஆய்வாளர் கூற்றையும் காண்போம். அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு முன் ஆறு வாரம் பயிற்சி செய்தவர்களுள், மருத்துவமனையிலிருந்து வேறொரு மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் வெகுவாகக் குறைந்தனர். 2016இல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் அடக்கமாகவே பேசினார்கள்: முதல் சில வாரங்களில் நோவு சற்றுக் குறைகிறது, இயக்கம் சற்று மேம்படுகிறது, கழிவறை செல்லவும் நாற்காலியில் அமரவும் சற்று விரைவில் முடிகிறது, ஆனால் அந்த நன்மை சிறியது, நெடுநாள் நீடிப்பதுமில்லை, மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்ததாகவும் தெரியவில்லை.

நாம் கண்டதும் அதுவே. ஓராண்டு கழிந்தபின் புலவரும் நடந்தார், தமக்கையாரும் நடந்தார். இருவர் நடைக்கும் வேற்றுமை காண்பது அரிது. அப்படியானால் ஆறு வாரம் பட்ட பாடு வீண்தானா என்று ஒருவர் கேட்கலாம். ஊர் சேர்ந்தபின் எல்லாப் பயணிகளும் ஒன்றே. வழியில் பட்டது மட்டும் ஒன்றாகாது. பிறர் கையை எதிர்பாராமல் கழிவறைக்குச் செல்வது ஆய்வாளர் அட்டவணையில் 'சிறிய நன்மை'. அறுபது ஆண்டுகள் வெட்கத்தைப் பேணி வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு அது மானம். முதுமையில் நாம் அஞ்சுவது மரணத்தையன்று, பிறருக்குப் பாரமாவதையே. அந்த அச்சத்தை ஒரு வாரமேனும் குறைக்கும் பயிற்சியைச் சிறியதென்று எப்படிச் சொல்வது?

உடல் ஊனத்தோடு வாழ்வோரின் மானத்தை மருத்துவத்தின் கடமையாக்கியவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அவர் முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று நம் திருச்சியிலேயே அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கலை அருகில் வந்துவிட்டது. அதைத் தேடிச் செல்லும் மனம்தான் வரவேண்டும்.

குறிப்பாக நம் இல்லங்களின் பெண்களைப் பற்றி ஒரு சொல். இடுப்பு நோவை அவர்கள் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். வெளிப்பட்ட பிறகோ, அன்பின் பெயரால் நாம் அவர்களைக் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். இரண்டும் தசையை அழிப்பவை. ஆண் மருத்துவரிடம் தயக்கமெனில் பெண் இயன்முறை மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். வீட்டையும் ஆறு வாரத்துக்குள் ஆயத்தம் செய்யலாம்: உயரமான கழிவறைப் பீடம், சுவரில் பிடிமானம், வழுக்காத தரை, கைவைத்த நாற்காலி. அரிவாள்மனையைத் தரையில் போட்டு அமர்வதற்கு மாற்றாக மேசையும் கத்தியும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் இடுப்பை மிகுதியாக மடக்குவதையும் கால்மேல் கால் போடுவதையும் மருத்துவர்கள் பெரும்பாலும் தடுக்கிறார்கள். எவ்வளவு நாள் என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஸுஜூது செய்ய முடியாதே என்று தமக்கையார் கலங்கினார். மூல நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து தொழுவதையும் அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ளுமாறு சொன்னோம். அதுவும் ஒரு முன்பயிற்சியே.

உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். பழுதுபட்ட பகுதியை மருத்துவர் கையில் ஒப்படைக்கும்போது, எஞ்சிய பகுதியை வலிமையோடு ஒப்படைப்பது நம் பொறுப்பு. அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்பும் அன்பர்கள் நாள்காட்டியில் அந்த ஒரு நாளை மட்டும் வட்டமிட வேண்டாம். அதற்கு முந்திய நாள்களையும் சேர்த்து எண்ணுக. நலம் தருபவன் அல்லாஹ். முயல்வது நம் கடன்.