கம்பெனி இல்லாத வண்டி

"அந்தக் காசுக்கு ஊர்ல புது மகிந்திரா தாரே எடுத்திருக்கலாமே, மாமா" என்றான் பண்ணைக்காட்டில் இருக்கும் என் அக்கா மகன். மெல்போர்ன் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்து, ஒருவழியாக எழுந்து நின்ற என் ஹாட் ராட் வண்டியின் படத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தோன்றியது அதுதான். யாரோ நகரத்துப் பையன் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பழனி மலைக்காரன் சொன்னதுதான் உறுத்துகிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டுகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினைத் தோண்டித் துருவி வேகம் ஏற்றிய பையன்களின் விளையாட்டு ஹாட் ராட். என்னுடையது 1934 ஃபோர்டு கூபே வடிவத்தில் வார்த்த ஃபைபர் பாடி. உள்ளே, இதே நகரத்தின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் ஒரு காலத்தில் தயாரான ஹோல்டன் வி8 இன்ஜின். சேஸ் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டியது.

இந்த ஆஸ்திரேலியாவோடு எனக்குச் சண்டைகள் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் விக்டோரியா மாநிலத்தில், வீட்டில் கட்டிய வண்டியைச் சோதித்துச் சான்று தர, அரசு அங்கீகரித்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் காலை முழுதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவினார். சீட் பெல்ட் போல்ட்டுக்குப் பின்னால் என்ன தகடு, அவசரமாக பிரேக் பிடித்தால் முன்சக்கரமா பின்சக்கரமா முதலில் பூட்டிக்கொள்ளும் என்று கேட்டார். ஸ்டீயரிங் கம்பிகளுக்கு குரோம் முலாம் பூசினால் பளபளக்குமே என்று கூட்டாளி ஒருவர் வாய்விட, முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் கம்பி ஒருநாள் பட்டென்று முறியும் என்று பாடமே நடத்தினார். இது எந்தக் கம்பெனி வண்டி என்று மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

இதில் வேடிக்கை, இப்போது பெரிய அளவில் கார் செய்யும் கம்பெனியே இல்லாத நாடு இது. 2016 அக்டோபரில் ஃபோர்டு ஆலையை மூடியது. அடுத்த அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் மூடின. ஆனாலும் கொட்டகையில் பிறந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் கார்களை வார்த்துத் தள்ளும் நம் மாநிலத்தில் தனி ஆளுக்கு அந்த வாசல் இல்லை. ஒரே ஒரு வண்டி செய்தாலும் பெரிய கம்பெனி போலவே புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இருக்கிற வண்டியை மாற்றலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்படியானால் எங்கள் பழனி மலையில் தாண்டிக்குடிக்கும் கே.சி.பட்டிக்கும் ஓடிய ஜீப்புகள் எந்தக் கணக்கில் சேர்த்தி? 1940களின் கடைசியில் மகிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸின் வம்சம் அவை. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றியிருப்பார்கள். மலைவாழைத் தாரும் காப்பி மூட்டையும் தாங்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை. கியர் பெட்டி ஒரு வண்டியுடையது, ஹவுசிங் இன்னொன்றுடையது. கிடைக்காத பாகத்தை வத்தலக்குண்டு லேத்தில் கடைந்து மாட்டுவார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லும் மெக்கானிக்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே ஹாட் ராட் கூட்டத்தில் பெரிய கைகாரர் என்று பெயர் வாங்கியவர்கள், பாகம் வேண்டுமென்றால் கேட்டலாக்கைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்த ஜீப்புகளில் பதினைந்து பேர் தொங்கிக்கொண்டு போனதும், கொண்டை ஊசி வளைவில் முதல் கியரை மட்டும் நம்பி இறங்கியதும் உண்மைதான். நீதிமன்றம் சும்மா பயப்படவில்லை. ஆனால் அவை சந்தைக்குப் போயின, பிரசவத்துக்குப் போயின. இங்கே கிளப் பெர்மிட்டில் ஓடும் ஹாட் ராட் வருஷத்துக்கு 45 நாளோ 90 நாளோதான் ரோட்டைப் பார்க்கும். அதையும் ஓட்டும் நாளெல்லாம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு எடுத்துப்போகிற வண்டிக்கு இத்தனை பொறியியல்! தேவையே இல்லாத இடத்தில் சட்டம் இவ்வளவு இடம் கொடுக்கிறது, தேவை தலைவிரித்தாடும் மலையில் ஓரங்குலம் தராது.

அக்கா மகன் ஆசைப்படும் தார் இன்று எங்கே ஓடுகிறது? கொடைக்கானலுக்கு இ-பாஸ் வாங்கிக்கொண்டு காட் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிறது. கூட்டம் தாங்காமல்தான் 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. வரிசையில் நிற்கிற தார்க்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் நாலு வீல் டிரைவ் லீவரைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

திண்டுக்கல்லில் ஒரு பொறியாளரை உட்காரவைத்து, வெல்டிங்கையும் பிரேக்கையும் சோதித்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும்? அந்த நாற்காலியில் வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருவரையே உட்காரவைக்கலாம் என்பேன் நான். கேட்டால் சிரிப்பார்கள், பட்டம் எங்கே என்பார்கள். விக்டோரியாவிலும் அதைத்தான் கேட்பார்கள், அது வேறு விஷயம்.