புந்தோங் வாசலில் ஒரு வெள்ளைக் கார்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தாப்பா, கோப்பேங் கடந்து சிம்பாங் பூலாயை நெருங்கும்போது சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஈப்போ வந்துவிட்டது என்று சொல்ல வேறு அறிவிப்புப் பலகை தேவையில்லை. சில மலைகள் பச்சை போர்த்தி நிற்கும். சில மலைகள் கல்லுக்காக வெட்டப்பட்டு, ஒரு பக்கம் முழுக்க வெளுத்துப்போய் நிற்கும்.

இந்தப் பாதையில் கல்லோ மணலோ ஏற்றிய லோரிக்குப் பின்னால் காரோட்டியவர்களுக்கு ‘டக்’ என்ற அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முன்னால் போகும் சக்கரம் ஒரு சிறு கல்லை எற்றிவிடும். நாம் 110 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதன்மேல் மோதுவோம். பானட்டின் முன்விளிம்பில் மிளகு அளவுக்குச் சாயம் பெயர்ந்துவிடும். இடைவெளி விட்டு ஓட்டினால் இது குறையும். ஆனால் நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணம் செய்கிற எந்தக் காரும் இதிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது.

எங்கள் வீடு ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிறது. கச்சாங் பூத்தே என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ஊர். கடலையும் முறுக்கும் வறுபடும் வாசனை, கோயில் மணி, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவு இரும்புக் கேட். சனிக்கிழமை காலையில் ஒரு நடை போனால், பாதி வாசல்களில் வாளியும் துணியுமாக யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். கார் கழுவுவது இங்கே ஒரு வேலை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பதும், கல்யாணச் செய்தி கேட்பதும், அரசியல் பேசுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

எங்கள் வாசலில் நிற்பது 1997ஆம் ஆண்டின் வெள்ளை புரோட்டோன் வீரா. அப்பாவின் கார். முப்பது ஆண்டு லோரி ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழாமல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன் என்பது அவர் யாரிடமும் சொல்லத் தயங்காத பெருமை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, என் காரின் பானட்டில் பட்ட கல்லடியைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, அவருடைய காரையும் சேர்த்துக் கழுவினேன். அப்போதுதான் அதன் இடது பக்கத்தைக் கவனித்தேன். முன்கதவில் இரண்டு நீளக் கீறல்கள், பின்சக்கரத்துக்கு மேலே ஒன்று, கதவின் கீழ்விளிம்பில் துரு தொட்ட ஓர் இடம். அவற்றுக்கு நடுவே, யாரோ தூரிகையால் வைத்த ஏழெட்டுப் பொட்டுகள். வெள்ளைக் காரில் பாலாடை நிறப் பொட்டுகள்!

“கல்லு பட்டுச்சும்மா. நானே சாயம் வாங்கி அடிச்சிட்டேன்” என்றார் அப்பா.

நகம் சொல்லும் ஆழம்

காரில் நாம் பார்க்கும் நிறம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சும் பிரைமரும் இருக்கும். அதன் மேல் நிறச் சாயம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் இந்த மெல்லிய தோல்தான் தாங்குகிறது.

கீறலின் ஆழத்தை அறிய நகம் போதும். குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் கீறல் மேல் பூச்சோடு நின்றிருக்கிறது. காம்பவுண்டு வைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் சிக்கினால் உள்ளே போயிருக்கிறது. அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர்வரை வந்துவிட்டது. பளபளவென்று இரும்போ, பழுப்பாகத் துருவோ தெரிந்தால் அது காத்திருக்காத வேலை. நம் நாட்டு ஈரத்தில் துரு, சாயத்துக்கு அடியிலேயே பரவிக்கொண்டு போகும். மேலே மிளகு அளவுதான் தெரியும். விட்டுவிட்டால் சில மாதங்களில் சுற்றியுள்ள சாயம் கொப்பளித்து எழும்பும். பம்பரில் பட்ட அடிக்கு இந்த அவசரமில்லை. பெரும்பாலான கார்களில் அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.

இன்னொரு விஷயம். பழைய ஒற்றை நிறக் கார்கள் பலவற்றில் கிளியர் கோட் தனியாக இருக்காது. காம்பவுண்டு தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே ஒட்டினால், நீங்கள் தேய்ப்பது சாயத்தையேதான். கையை அடக்கித் தேய்க்க வேண்டும். அப்பாவின் வீரா அப்படிப்பட்டது.

வெள்ளையிலும் பல வகை

ஒரு பட்டறையில் விலை கேட்டேன். இடது பக்கக் கதவுக்கு மட்டும் 250 ரிங்கிட் சொன்னார்கள். காப்புறுதியில் கேட்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். சொந்தச் சேதத்துக்குக் கோரிக்கை வைத்தால், ஐந்து ஆண்டுகள் கோரிக்கையின்றிச் சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவு போய்விடும். சின்னக் கீறலுக்கு அது கட்டுப்படியாகாது. எனவே உபரிப்பாகக் கடைக்குப் போனேன்.

அங்கே வெள்ளைச் சாயம் என்று கேட்டதும் தவுக்கே சிரித்தார். “பூத்தே பூன் பாஞாக் ஜெனிஸ்” என்றார். வெள்ளையிலும் நிறைய வகை இருக்கிறதாம். ஈப்போக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெள்ளைக் காப்பி எந்த நாளும் வெள்ளையாக இருந்ததில்லை!

சரியான வெள்ளையைக் கண்டுபிடிக்க நிற எண் வேண்டும். ஒவ்வொரு காரிலும் ஒரு சிறு தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ அது இருக்கும். பானட்டைத் திறந்தால் எஞ்சின் அறையின் பின்சுவரிலும், சில கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலும் பார்க்கலாம். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். தூரிகை வைத்த சிறு புட்டி ஒன்றை 18 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். எண் சரியாக இருந்தாலும், பல ஆண்டு வெயிலில் நின்ற காரின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆகவே முதலில் ஓர் அட்டையில் பூசிக் காயவைத்து, காரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது நல்லது. ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறமும் காய்ந்த பின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. வெள்ளிப்பொடி மினுங்கும் மெட்டாலிக் சாயம் என்றால் இன்னும் கடினம். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கிட்டத்தில் பார்த்தால் தடம் தெரியும்.

காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை

ஈப்போவில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே பனி உலர்ந்தபின் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். காற்றில் ஈரம் மிகுந்தால் சில சாயங்கள் காயும்போது புகை படிந்ததுபோல் வெளுக்கும். நேர் வெயிலும் ஆகாது. சூடான தகட்டில் சாயத்தின் மேல்பக்கம் மட்டும் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். கூரை போட்ட வாசல்தான் இதற்குப் பொருத்தமான இடம். தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

முதலில் சோப்பு நீரில் கழுவி, துடைத்து, மெழுகுப்பசை போக ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். எண்ணெய்ப்பசை இருந்தால் சாயம் ஒட்டாது. துருவை, மடித்த மணல் தாளின் நுனியால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை மெல்லச் சுரண்டினோம். துருவின் மேலேயே சாயம் பூசுவது, அழுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல். உள்ளே அது பாட்டுக்கு வளரும். இரும்பு தெரிந்த இடத்துக்கு மட்டும் பிரைமர்.

பிறகு நிறம். புட்டியில் வரும் தூரிகை, மிளகு அளவுக் காயத்துக்கு மிகவும் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, பள்ளத்தில் விட்டு, அதுவாகப் பரவ விடவேண்டும். ஒரே முறையில் நிரப்பக்கூடாது. மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் காத்திருப்பு, மீண்டும் பூச்சு. மூன்று நான்கு முறையில் பள்ளம் நிரம்பி, சுற்றுப்புறத்தைவிட இம்மி மேலே நிற்கும். ஒரு வாரம் நன்றாகக் காய்ந்த பிறகு, 2000 எண் மணல் தாளை நீரில் நனைத்துச் சமப்படுத்தி, காம்பவுண்டு தேய்த்தால் மேடு மறையும். கிளியர் கோட் உள்ள கார் என்றால், நிறம் காய்ந்ததும் அதையும் ஒரு சொட்டு வைத்த பிறகுதான் இந்தத் தேய்ப்பு.

“ரெண்டும் ஒண்ணுதான்”

காத்திருக்கும் அரை மணி நேரங்களில்தான் பேச்சு நடந்தது. கல் என்றால் முன்னால்தானே படும், இடது பக்கத்தில் எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டின் இடது தூணில் வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

நிறம் பார்க்கப் பூசிய அட்டையை அவரிடம் நீட்டினேன். ஒரு பட்டையில் புதுச் சாயம், பக்கத்தில் அவர் வாங்கிய சாயம்.

“எதுப்பா நம்ம கார் நிறம்?”

“ரெண்டும் ஒண்ணுதான்ம்மா. இதுக்குப் போயி ஏன் காசு செலவு பண்ணின?”

விளையாட்டுபோல, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடியபோது கொஞ்சம் தயங்கி, “இது லேசா மஞ்சள் அடிக்குது” என்றார். வலது கண்ணை மூடியபோது அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார், கிட்டே கொண்டுபோனார். “ஒண்ணுதான்” என்றார், மெதுவாக. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

கண்புரை வந்தால் விழிவில்லை மங்கி மஞ்சளேறும். பார்வை மட்டுமல்ல, நிறமும் மாறும். நீல ஒளி குறைவாக உள்ளே போவதால், வெள்ளைக்கும் பாலாடைக்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடும். மாற்றம் மெதுவாக நடப்பதால் அவருக்கே தெரியாது. இரவில் எதிர்வரும் விளக்குகள் சிதறிக் கூசும். அப்பா சில மாதங்களாகவே இரவில் கார் எடுப்பதில்லை. “வயசாச்சு, சோம்பேறித்தனம்” என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றியிருந்தது. அறுவை சிகிச்சை முடியும்வரை சாவி அம்மாவிடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்க அப்பா ஒருமுறைகூட முயலவில்லை. லோரிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

இடது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த சில நாட்களில், வாசலில் நின்று காரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “யாரும்மா இது, கார் பூரா பாலாடையை அப்பி வெச்சது?”

அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. தூசுபடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன வாரங்கள் கழிந்தபின், அந்தப் பொட்டுகளை அவரே சுரண்டி எடுத்து, புதுச் சாயத்தைக் குச்சி நுனியில் தொட்டு வைத்தார். என் கை வைத்ததைவிட அவை சுத்தமாக அமைந்தன. கேட்டின் தூணில் ஒளி எதிரொலிக்கும் பட்டை ஒன்றையும் ஒட்டியிருக்கிறார்.

நம்மில் பலர் வேலைக்காகக் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பசியாறிவிட்டு, பெற்றோரின் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்பக்கப் புள்ளிகள் சாலை கொடுத்தவை. அவற்றுக்கு 18 ரிங்கிட் புட்டியும் ஒரு காலைப் பொழுதும் போதும். ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் கீறல்கள் வரிசையாக இருந்தால், சாயம் வாங்குவதற்கு முன் அவர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.