உள்ளே விட்ட துணி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, சென்னையில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தையல் கடையில் நான்கு ஜாக்கெட் துணியும் ஓர் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தேன். நான்கும் தைத்து வந்தன. அளவு ஜாக்கெட் வரவில்லை. "இங்கதான்க்கா எங்கயோ இருக்கு, தேடி எடுத்து வைக்கிறேன்" என்று பொங்கல் வரை சொன்னார்கள். அப்புறம் நானே கேட்பதை விட்டுவிட்டேன். தைத்து வந்த நான்கில் மூன்று, கையைத் தூக்கினால் கூடவே மேலேறி வரும் ரகம். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. நல்ல அளவு ஜாக்கெட் தொலைவது எப்பேர்ப்பட்ட நஷ்டம் என்று புடவை கட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோபத்தில்தான் தையல் கற்றுக்கொண்டேன். அம்மாவின் பழைய உஷா மெஷினுக்கு பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, தலையணை உறையில் ஆரம்பித்தேன். தைப்பது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. வெட்டுவதுதான் வரவில்லை. யூடியூபில் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். எல்லாக் கணக்கையும் ஒவ்வொரு துணியில் போட்டுப் பார்த்தேன். வீட்டில் கரித்துணிக்குப் பஞ்சமில்லாமல் போனது. ஒரு முறை தைத்ததும் அலுத்துவிடாத, பத்து வருடம் கழித்தும் அதே காகிதத்தை எடுத்து வைத்து வெட்டலாம் என்கிற மாதிரிகள் எவை என்று, அதையே பிழைப்பாகக் கொண்டவர்களிடம் கேட்டுவிடலாம் என்று பங்குனிக் கடைசியில் மதுரைக்குப் போனேன்.

மதுரையில் தையல் என்றால் என் வயதுக்காரர்களுக்குப் புது மண்டபம்தான். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரதியார் கோட்டு தைக்க அங்கே போயிருக்கிறேன். தூணுக்குத் தூண் ஒரு மெஷின், மேலே யாளி, யாளியின் காலில் மாட்டிய டேப். இப்போது அங்கே தையல்காரர்கள் இல்லை. மண்டபத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லதுதான். ஆனால் கோயிலை விட்டு வெளியே வருகிறவர் தானாகக் கடைக்குள் நுழைந்த காலம் போய்விட்டது. இப்போது தேடிக்கொண்டு வர வேண்டும்.

நான் தேடிப்போன பாய்க்கு எழுபது வயது தாண்டியிருக்கும். சிவப்பு வெல்வெட்டைப் பலகையில் விரித்துச் சல்லடம் வெட்டிக்கொண்டிருந்தார். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரியெடுத்து ஆடுகிறவர்களும் இடுப்பில் கட்டுவது. ஜிகினா, மணி, விளிம்பில் தொங்கும் குஞ்சம் எல்லாம் பிறகு வரும். வெட்டும்போது அது வெறும் அரைக்கால் சட்டைதான்.

"உக்காருங்கம்மா. பேசிக்கிட்டே வெட்டுனா கோவிச்சுக்கிற மாட்டீங்கள்ல?"

சுவரில் ஆணி அடித்து அட்டைகள் தொங்கின. தினசரி காலண்டரின் பின்னட்டையில் வெட்டியவை. லட்சுமியின் பாதி முகம் ஒன்றில், ஏதோ நகைக்கடையின் பெயரில் பாதி இன்னொன்றில். சின்னப் பயல், பெரிய பயல், ஆள் என்று மூன்று அளவு.

"இது அத்தா வெட்டுன அளவு. அட்டை நைஞ்சு போச்சுன்னா அதை வச்சே புதுசு வெட்டிக்கிருவோம். அளவு மாறாது."

மாறாதா என்று மறுபடி கேட்டேன். சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, வெட்டிய துண்டை என் பக்கம் தள்ளினார். இடுப்பிலும் இரண்டு பக்கத்திலும் அட்டையைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தது. "ஒருத்தன் நேந்துக்கிட்டா மூணு வருசம், அஞ்சு வருசம்னு போடுவான். பய வளருவான்ல? வருசா வருசம் புதுசா வாங்குவாக? உள்ள துணி கெடந்தா வீட்லயே பிரிச்சு விட்டுக்கிருவாக." வருடா வருடம் புதிதாக வாங்கினால் பாய்க்குத்தானே லாபம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவருக்குத் தெரியாத கணக்கா?

அடுத்ததாகப் பட்டாப்பட்டி. கேலிக்குப் பெயர்போன உடுப்பு. சினிமாவில் வேட்டி அவிழ்ந்தால் உள்ளே இருப்பது. கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தபின் எனக்குக் கேலி வரவில்லை. இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் முட்டினால் அங்கேதான் முதலில் கிழியும். பாய் அந்த இடத்தில் உள்ளங்கையளவு சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்திருந்தார். இழுவை நான்கு பக்கமும் பிரிந்து போகிறது. சம்மணம் போட்டு உட்காரலாம், வரப்பைத் தாண்டலாம், மரம் ஏறலாம். பக்கவாட்டில் முழங்கை வரை உள்ளே போகும் பை. இடுப்பில் நாடா, ஆள் இளைத்தாலும் பெருத்தாலும் நாடா பார்த்துக்கொள்ளும். "இதுல கெட்டுப் போறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார். ரப்பர் வைத்த அரைக்கால் சட்டைகளை விலை கொடுத்து வாங்கி, ஆறு மாதத்தில் ரப்பர் தளர்ந்து தூக்கிப் போடுகிற வீட்டிலிருந்து போனவள் நான்.

மறுநாள் வில்லாபுரம். சித்திக்கு முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கும் அக்காவின் வீடு. முன்னறைதான் கடை. போர்டு கிடையாது, ஜன்னலில் தொங்கும் கலர் ஃபால்ஸ் துணிதான் அடையாளம். இங்கேயும் சுவரில் ஆணி, ஆணியில் காகிதம். ஆனால் அட்டை இல்லை, பழைய தினத்தந்தி. ஒவ்வொன்றிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து: "மாடி வீட்டு டீச்சர்", "பால்கார அம்மா மருமக", "பேங்க் மேடம், குண்டானப்புறம்".

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் அளவுவாரியாக வெட்டிய காகித மாதிரிகளை விற்க ஆரம்பித்தார். வீட்டில் தைத்து உடுத்துகிறவர்கள் அங்கே இன்றைக்கும் உறையில் போட்ட மாதிரியைக் காசு கொடுத்து வாங்கி, பிடித்துவிட்டால் அதையே துணி மாற்றி மாற்றித் தைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வழக்கம் ஒட்டவில்லை. நம் காகித மாதிரி என்பது பீரோவில் கிடக்கும் அந்த ஒரு ஜாக்கெட்தான். அது தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அக்கா மட்டும் விவரமாக, முதல் தடவை ஆள் வந்தபோதே பேப்பரில் வெட்டி மாட்டிவிடுகிறார்.

என் மேலேறும் ஜாக்கெட்டில் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். போட்டுக் காட்டச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். அக்குளுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆம்ஹோலு ஆழமாப் போயிருச்சு. கை தூக்குனா தூக்குதுன்னதும் எல்லாரும் இறுக்கம்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் நோண்டி விட்ருவாங்க. நோண்ட நோண்ட இன்னும் தூக்கும். வளைவு அக்குளுக்குக் கிட்டக்க நிக்கணும், அப்பத்தான் கை மட்டும் தனியா மேல போகும்."

மூன்று வருட மர்மம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. நான் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், நோண்டிக்கொண்டே.

அவர் மீண்டும் மீண்டும் தைப்பது நாலு டாட் ஜாக்கெட். கீழிருந்து ஒன்று, ஹூக் பட்டிப் பக்கமிருந்து ஒன்று, அக்குளிலிருந்து ஒன்று, விலாவிலிருந்து ஒன்று என்று நான்கு டாட்டும் மார்பின் நடுவை நோக்கி வரும்; ஆனால் நடுவைத் தொடாது. ஓர் இஞ்ச் முன்னதாக நிறுத்திவிடுவார். தொட்டால் கூம்பாக நிற்கும். மார்பு 36 என்றால் கால் பங்கு 9 இஞ்ச், லூசுக்கு அரை, அதற்குமேல் பக்கத் தையலுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரை இஞ்ச் பேப்பரில் இருக்காது. பேப்பரில் ஆளின் அளவு மட்டும். துணியில் வைக்கும்போது ஆளைப் பார்த்து விடுவார். கல்யாணமாகப் போகிற பெண் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. பிறகு விலாவில் கால் இஞ்ச் தள்ளித் தள்ளி மூன்று வரிசைத் தையல். உடம்பு போட்டால் உள்வரிசையைப் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் அடுத்த அளவுக்கு வந்துவிடும்.

பிரின்சஸ் கட் கேட்டால் தைத்துத் தருகிறார். பார்க்க அழகு என்பதை அவரும் ஒத்துக்கொள்கிறார். "ஆனா அதை நாளைக்கு ஆல்டர் பண்ணணும்னா நெஞ்சுக்கு மேல ஓடுற தையலையும் சேத்துத்தான் பிரிக்கணும். யாரு பிரிப்பா?" முதுகில் ஜிப் வைப்பதுதான் அவருக்கு ஆகவே ஆகாது. "தனியா இருக்கற பொம்பள எப்படி போடுவா?" எனக்கும் அதே கட்சிதான்.

உள்பாவாடைக்கு ஆறு பீஸ். துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கி வெட்டுவதால் துணி வீணாகாது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு விளிம்பு நேராக, இன்னொன்று சாய்வாக இருக்கும். நேரும் சாய்வுமாகச் சேர்த்துத்தான் தைக்க வேண்டும். சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் நாலு துவைப்பில் அந்த இடம் இழுத்துக்கொண்டு தொங்கும். கடையில் வாங்கிய என் பாவாடை ஏன் ஒரு பக்கம் மட்டும் புடவைக்குக் கீழே எட்டிப் பார்க்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மா பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொண்டுவந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை; கரைக்கு மேலே மூன்று டக் வைப்பதாகச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கூலிக்கு மட்டும் அந்த அம்மா பத்து நிமிடம் பேரம் பேசினார். பட்டு வாங்கிய கடையில் பேசியிருக்க மாட்டார்.

லைனிங் வைத்தால் ஒரு நாளில் மூன்று ஜாக்கெட் முடிவதே பெரிது என்றார். ஹூக் கட்டுவதும் எம்மிங்கும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. அவளுக்கும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அக்காவுக்குக் கண் மங்குகிறது, கறுப்புத் துணியைப் பகலில் மட்டும் தைக்கிறார். அவருடைய மகள் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ரெடிமேட் ஜாக்கெட் போடுகிறாள். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான்.

கிளம்பும் முன் என்னை உட்காரவைத்து என் அளவுக்கு ஒரு பேப்பர் வெட்டவைத்தார். இரண்டு பேப்பர் குப்பைக்குப் போனது. மூன்றாவதைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, அக்குள் வளைவில் ஒரு நூலளவு சேர்த்து வரைந்து தந்தார். அதை வைத்து இதுவரை ஐந்து ஜாக்கெட் தைத்துவிட்டேன். பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்கிறேன். பட்டாப்பட்டியும் இரண்டு தைத்தாயிற்று, ஒன்று எனக்கு. வீட்டில் போட்டுக்கொள்ள அதற்கு மிஞ்சியது இல்லை.

உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றாவது இருக்கும். அடுத்த முறை அதை அளவுக்குக் கொடுக்கும் முன், பழைய செய்தித்தாளில் வைத்து வரைந்து வெட்டி, பெயரும் தேதியும் எழுதி ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.