பேச்சுவாக்கில் வந்த இலக்கு

கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருவில் எங்கள் வீடு. அடுக்களை ஓய்ந்தபின் எனக்கென்று கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. அதனால் மேலாளரும் இல்லை, எல்லோரும் சமம் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். ஆனால் அடுத்த வெளியீட்டுக்குள் எவையெல்லாம் முடிய வேண்டும் என்ற பட்டியல் மட்டும் எப்படியோ வந்துவிடும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நிரல் எழுதும் குழு முந்நூறு வாசகங்களை மாற்றும். தமிழ் பின்தங்கியிருப்பதாகச் சிவப்பில் காட்டும். இப்படி இரண்டு வெளியீடுகள் போனபின் எங்களில் இரண்டு பெண்கள் சொல்லாமலே விலகிவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

"இதை யார் முடிவு செஞ்சது?" என்று கேட்டேன்.

"யாரும் முடிவு பண்ணல மேடம், பேச்சுவாக்கில வந்துச்சு."

அந்தப் பேச்சு நடந்த நேரத்தில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்ற கட்டுரையைப் பெண் விடுதலைக் குழுக்களை வைத்து எழுதினார். தலைமை இல்லை என்று சொல்லும் குழுவிலும் தலைமை இருக்கும், விதி எழுதப்படாததால் அதைக் கேள்வி கேட்கத்தான் வழியிருக்காது என்பது அவர் வாதம். வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

டெபியன் என்ற பெரிய தன்னார்வத் திட்டம் 1998இலேயே தனக்கு ஓர் அரசமைப்பை எழுதிக்கொண்டது. அதன்படி யாரையும் வேலைசெய்யக் கட்டாயப்படுத்த முடியாது. தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தைச் சேர்ந்த ஸ்ருதி சந்திரன் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் போட்டியிட்டுத் தோற்றார். தோற்றாலும், எண்ணிப் பார்க்க அங்கே வாக்குகள் இருந்தன.

எனக்கு அதைவிடப் பிடித்தது க்னோம் திட்டத்தின் ஒரு விதி. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. அதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு தேதி குறிப்பார்கள். அதன்பின் திரையில் தெரியும் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் மொழிபெயர்ப்பை ஒருங்கிணைப்பவர்களின் ஒப்புதல் வேண்டும். இலக்கை யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். அதற்காகத் தூக்கம் கெடுபவர் 'முடியாது' என்று சொல்ல இடம் இருக்கிறதா?

எங்கள் ஊர்க் கதையில் சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டையிட்டார்களாம். இருவரையும் ஓருருவாகக் காணத் தவமிருந்தவள் கோமதி அம்மன். ஆடித்தபசுக் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் இந்த வேலைப் பிரிவினை எனக்குச் சிரிப்பு மூட்டும்.

போன முறை நாங்கள் ஐந்து பெண்கள் இரண்டு கோரிக்கைகள் எழுதிக்கொடுத்தோம். கூட்டத்தை ஞாயிறு காலை பதினொன்றுக்கு வைக்காதீர்கள், அது கறி வேகும் நேரம். வெளியீட்டுக்குப் பதினான்கு நாள் முன்பே வாசகங்கள் நிற்க வேண்டும், அதன்பின் மாற்ற மொழிக்குழுவில் இருவர் சம்மதம் வேண்டும்.

"நாமளா விரும்பிச் செய்யுற வேலைக்கு எதுக்குக்கா இவ்ளோ சட்டம்?" என்றான் ஒரு தம்பி.

முதல் கோரிக்கை ஒரே வாரத்தில் நிறைவேறியது. இரண்டாவதை ஆறு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவசரப் பிழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறோம். வாக்கெடுப்பு வரும் புதன்கிழமை, இரவு பத்தரைக்கு.