கப்படிக்கும் ஷூ

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து ஒரே ஜோடி ஷூவோடு சேலத்துக்குப் படிக்கப் போகிற பையன், நண்பன் வீட்டு வாசலில் அதைக் கழற்றத் தயங்குகிறான். காரணம், கப்பு!

அவன் மட்டுமல்ல. கிரேட்டர் நொய்டா ஷிவ் நாடார் பல்கலைக்கழக விடுதியில் ஷூக்கள் அறைக்கு வெளியே கிடந்தன. இடம் இல்லை போல என்று விகாஷ் குமாரும் சார்த்தக் மித்தலும் நினைத்தார்கள். 149 பேரிடம் விசாரித்தால் நாற்றம்தான் காரணமாம்! பாதிக்கும் மேற்பட்டோர் ஷூ நாற்றத்தால் சங்கடப்பட்டவர்கள். புற ஊதா விளக்கு வைத்த ஷூ ஸ்டாண்டை யோசித்த இருவருக்கும் 2025-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது.

வியர்வை தானாக நாறுவதில்லை. ஈரத்தில் பெருகி அதைத் தின்னும் பாக்டீரியாதான் நாறவைக்கிறது. எனவே சென்ட் அடித்துப் பயனில்லை, ஈரம் போகணும். வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை உருவிவிட்டு, பழைய பேப்பரைத் திணித்து வையுங்கள். தினமும் துவைத்த சாக்ஸ் போடுங்கள். லீவு நாளில் வெயிலில் வையுங்கள். சேலத்து வெயிலுக்குக் காசு கிடையாது!